எமுலேட்டரைத் தேடும் முன் யூரியா டேங்கைப் பாருங்கள்

பிஎஸ்6 புகை விதிப்படி வந்த லாரியில் யூரியா விளக்கு எரிந்து இழுவை குறைந்தால், பல பட்டறைகளில் முதலில் எடுத்து நீட்டுவது எமுலேட்டர் டப்பாவைத்தான். வயரிங்கில் சொருகினால் புகையிலுள்ள நச்சு வாயுவான நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு) அளவு சரியாக இருப்பதாக எஞ்சின் கணினிக்குப் பொய் சொல்லும். விளக்கு அணையும், யூரியா பாய்வதும் நிற்கும். பழுது அப்படியே கிடக்கும்.

அந்தப் பழுது பல நேரம் டேங்கில் ஊற்றியதில்தான் இருக்கிறது. நாக்ஸைக் குறைக்கப் புகையில் தெளிக்கும் கரைசலான ஆட்ப்ளூவில் 32.5% தூய யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். வயலுக்குப் போடும் யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றுவது வண்டியைக் கெடுக்கும் வேலை. 2015 முதல் நம் மானிய யூரியா வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அந்த எண்ணெய் ஃபில்டரையும் நாசிலையும் அடைக்கும். தண்ணீரிலுள்ள சுண்ணாம்பும் உப்பும் சைலன்சருக்குள் இருந்து நாக்ஸை முறிக்கும் எஸ்.சி.ஆர். வினையூக்கியில் படிந்தால் கழுவி மீட்பது கடினம். மாற்றுச் செலவு லட்சங்களில் போகும்.

ஆட்ப்ளூவுக்கான ரிஃப்ராக்டோமீட்டரில் (யூரியாவின் செறிவைக் காட்டும் கருவி) ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: 31.8 முதல் 33.2 சதவீதம் வரை இருக்க வேண்டும். அளவு சரியாக இருந்தாலே சுத்தமானது என்று அர்த்தமில்லை, அதனால் சீல் உடையாத கேனையே வாங்குங்கள். நாசிலில் வெள்ளைப் படிகம் இருந்தால் வெதுவெதுப்பான தாது நீக்கிய நீரில் ஊறவிடுங்கள், கம்பியால் சுரண்ட வேண்டாம். எஞ்சினை அணைத்தவுடன் பேட்டரி சுவிட்சை அணைக்காதீர்கள். குழாயில் நிற்கும் யூரியாவைப் பம்ப் டேங்குக்கு இழுக்க ஓரிரு நிமிடம் வேண்டும். இல்லையென்றால் அது உள்ளேயே படிகமாக உறையும்.

புகைச் சான்றிதழ் கிடைத்துவிட்டதே என்று சிலர் வாதிடுவார்கள். அந்தச் சோதனை டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியை மட்டுமே அளக்கிறது, நாக்ஸை அல்ல. கனரக வண்டிக்கு பிஎஸ்4-இல் 3.5 கிராமாக இருந்த நாக்ஸ் வரம்பு (ஒரு கிலோவாட் மணிக்கு), பிஎஸ்6-இல் 0.46. இந்த இறக்கத்தில் பெரும்பங்கு யூரியாவின் வேலை. அதை நிறுத்தினால் கண்ணுக்குத் தெரியாமல் வெளியேறும் வாயு மூச்சுக்குழாயை எரிச்சலூட்டி ஆஸ்துமாவைக் கிளப்பும். வெயிலில் ஓசோனை உருவாக்கும், காற்றிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து நுண்துகளாகும். கரித்துகளைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டியையும் குடைந்து எடுத்தால் கரித்துகளும் சேரும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே உறுதிசெய்தது. முதலில் அதைச் சுவாசிப்பவர்கள் ஓட்டுநரும் கிளீனரும் சுங்கச்சாவடி ஊழியரும்தான்.

மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4)-இன்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஏற்கெனவே டப்பா மாட்டியிருந்தால், கழற்றியதும் ஓட்டிவிடாதீர்கள். பழைய யூரியாவை வடித்து, டேங்கைத் தாது நீக்கிய நீரால் அலசி, ஃபில்டரை மாற்றி, நாசிலைச் சுத்தம் செய்து, புது ஆட்ப்ளூ ஊற்றிய பிறகே ஸ்கேனரில் பழுதுக் குறியீடுகளை அழியுங்கள்.