முக்காடு போட்ட மீன் தொட்டி

போன தடவை தொட்டி வாங்கிய அன்றைக்கே செடியை நட்டு, லைட்டையும் பத்து மணி நேரம் எரியவிட்டேன். இரண்டு வாரத்தில் கண்ணாடி முழுக்கப் பாசி, இலைகளெல்லாம் கூழ். செடிக்கென்று விற்கிற சத்து மண், முதல் சில வாரங்களுக்கு அம்மோனியாவைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். அதோடு வெளிச்சமும் சேர்ந்தால் பாசிக்கு விருந்துதான். இதைச் சமாளிக்கத் தினமும் பாதித் தண்ணீரை மாற்றச் சொல்வார்கள். செல்லூரில் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். தினம் இரண்டு குடத்தை மீன் தொட்டிக்கு ஊற்றினால் வீட்டில் எனக்குச் சோறு விழாது.

அதனால் இந்த முறை இருட்டு. அம்மோனியா தீரும்வரை செடியும் இல்லை, வெளிச்சமும் இல்லை. இரண்டடித் தொட்டியில் மண், கல், மரக்கட்டை எல்லாம் வைத்து, சித்திரைத் திருவிழாக் கொடியேறிய மறுநாள் தண்ணீர் நிரப்பினேன். குளோரின் போக முந்தின நாளே வாளிகளில் பிடித்துத் திறந்து வைத்த தண்ணீர். ஃபில்டரை ஓடவிட்டு, தொட்டியைக் கறுப்புப் போர்வையால் மூடியாயிற்று. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாவுக்கு வெளிச்சம் தேவையில்லை, பாசிக்குத்தான் தேவை. மாற்றிக் கொட்டவும் வேண்டாம். ஆவியாகிப் போனதை ஈடுகட்ட வாரத்துக்கு அரை வாளி போதும்.

அப்பத்தா தினமும் அந்தப் பக்கம் போகும்போது ஒரு கேள்வி. "ஏய்யா, தொட்டிக்கு என்ன அம்மை போட்டிருக்கா?" மீனும் இல்லை, செடியும் இல்லை, மோட்டார் மட்டும் ஓடுகிறது என்றால் யாருக்குத்தான் புரியும்?

நாலாம் நாள் சோதனைக் குழாயில் அம்மோனியா கரும்பச்சை, அதாவது ஏராளம். பாக்டீரியாவுக்கு அதுதான் தீனி, நல்ல அறிகுறிதான். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று, விருந்தாளிகளுக்கு நடுவே ஒரு மூலையில் நின்று சோதனைச் சொட்டுகளை எண்ணினேன். பச்சை வெளிறியிருந்தது, நைட்ரைட் குழாய் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்திருந்தது. அம்மோனியா நைட்ரைட்டாக மாறத் தொடங்கிவிட்டது. வெயில் காலம், தண்ணீர் 31 டிகிரி. ஹீட்டர் செலவு மிச்சம்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்தக் கத்தரிப்பூ அசையவே இல்லை. பிஎச் பார்த்தால் 6. மண்ணே தண்ணீரைப் புளிக்க வைத்திருந்தது. அவ்வளவு இறங்கினால் பாக்டீரியா சோம்பிவிடும். ஒரு வாளித் தண்ணீரை எடுத்துவிட்டு, குளிக்க மட்டும் பயன்படுத்துகிற போர் தண்ணீரை ஒரு வாளி ஊற்றினேன். எங்கள் போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளையாகப் படியும் ரகம். அந்தச் சுண்ணாம்புதான் இங்கே கைகொடுத்தது. அடிக்கடி செய்தால் மண்ணின் வீரியம் போய்விடும், ஒருமுறை பரவாயில்லை.

இருபதாம் நாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் ஐந்து வரை கரண்ட் கட். மூடிய ஃபில்டருக்குள் தேங்குகிற தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா செத்துப்போகும், வெந்நீராக இருந்தால் இன்னும் சீக்கிரம். பாக்டீரியா குடியிருக்கிற ஸ்பாஞ்சையும் பீங்கான் வளையங்களையும் தொட்டித் தண்ணீரோடு ஒரு பேசினில் போட்டு, பேட்டரி ஏர் பம்ப்பைக் கொப்பளிக்க விட்டேன். மரக்கட்டையில் பஞ்சு பஞ்சாக வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்ததையும் அன்றுதான் பார்த்தேன். அது தானாகப் போகும், சுரண்ட வேண்டாம்.

இருபத்தேழாம் நாளும் மறுநாளும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். நைட்ரேட் மட்டும் ரத்தச் சிவப்பு. முக்கால்வாசிக்கு மேல் தண்ணீரை ட்யூப் போட்டு இறக்கிக் கறிவேப்பிலைக் கன்றுக்கும் வாழைக்கும் ஊற்றினேன். ஈர மண்ணில் இடுக்கியால் செடி நட மூன்று மணி நேரம் ஆனது. நடும்போது மண் கிளறுவதால் அம்மோனியா மறுபடி எட்டிப்பார்க்கலாம் என்று மறுநாள் காலையும் சோதித்தேன். குழாய் மஞ்சளாகவே இருந்தது, அம்மோனியா இல்லை.

லைட் இப்போதைக்கு ஆறு மணி நேரம்தான். மீன் அடுத்த வாரம். போர்வையைத் துவைத்து அப்பத்தாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.