நாலு மணி நேரம்தானே?

போன வாரம் அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசைச் சீன அக்கா கேட்டார், "பொங்கலுக்கு ஊருக்குப் போகலையா? நாலு மணி நேரம்தானே?" அன்பாகத்தான் கேட்டார். எனக்கு அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. இந்த வருஷம் எங்கள் வீட்டில் பொங்கல் இல்லை.

அவர் சொன்ன கணக்கு சரிதான். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து திருச்சி ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர், நேரடி விமானம், நாலு அல்லது நாலேகால் மணி. சாயங்காலம் ஏழரைக்கு இங்கே கிளம்பினால் அங்கே இறங்கும்போது ஒன்பதுதான், இரண்டரை மணி நேரம் லாபம். திரும்பி வரும்போது அதைப் பிடுங்கிக்கொள்வார்கள். அப்பத்தாவுக்கு இது தீராத ஆச்சரியம். அவளுடைய அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, ஏழெட்டு நாள் கடலில் கிடந்து இதே சிங்கப்பூருக்கு வந்தவர். "எம் பேரன் ராச்சோறு அங்க தின்னா விடியக் காப்பி இங்க குடிப்பான்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

ஆறு வருஷமாகிறது, எனக்கும் இந்த ஊர் பழகிவிட்டது. காலை ஏழு மணிக்குத்தான் விடியும் என்பதுகூட. 1982இல் இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்களாம். சூரியனை வைத்துப் பார்த்தால் திருச்சிக்கும் இங்கேக்கும் ஒன்றேமுக்கால் மணிகூட வித்தியாசம் இல்லை. எங்கள் ஊர் இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதா என்று அன்றைக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஆனாலும் ராத்திரி எட்டரை ஆனால் அம்மா இப்போது விளக்கேற்றுவாள் என்றுதான் தோன்றுகிறது.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, இங்கே காலை ஏழரைக்கு ஃபோன் வந்தது. அப்பத்தா போய்விட்டாள். பகல் விமானத்தில் இடமே இல்லை, சாயங்காலம் ஏழரைக்குத்தான் கிடைத்தது. ஐஸ் பெட்டியில் வைத்திருக்கலாம்தான், ஆனால் விடிந்தால் சனிக்கிழமை. பெரியவர்கள் கூடிப் பேசி, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். சித்தப்பா அதை ஃபோனில் சொன்னபோது நான் சாங்கியில் இடுப்பு வாரைக் கழற்றித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் திருச்சி, குடிநுழைவு வரிசை, வாடகைக் கார், தஞ்சாவூர் தாண்டிப் பட்டுக்கோட்டை ரோட்டில் இருட்டு. வீட்டு வாசலில் இறங்கும்போது மணி பன்னிரண்டரை. ஃபோன் வந்ததிலிருந்து எண்ணினால் பத்தொன்பதரை மணி நேரம். துக்கத்துக்குப் போட்ட பந்தல் அப்படியே இருந்தது, கீழே நசுங்கிய சாமந்திகள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் திண்ணையில், அவள் கால் நீட்டி உட்காரும் தூணோரம் உட்கார்ந்திருந்தேன். துக்க வீடு, அடுப்பு மூட்டவில்லை. விடிந்ததும் எதிர்வீட்டுப் பெரியம்மா தூக்குவாளியில் காப்பி கொண்டுவந்து முதல் தம்ளரை என் கையில் கொடுத்தார்.