ராத்திரியும் ஆறாத சூடு

கிளைமேட் சேஞ்ச்னாலே பனிப்பாறை உருகுது, கடல் ஏறுதுன்னு தான் பேசுறோம், ஆனா அது நேரா கை வைக்கிறது நம்ம உடம்புல தாங்க.

வெயில்ல நம்மள காப்பாத்துறது வேர்வை, அது ஆவியாகும்போது தான் உடம்புச் சூடு இறங்கும். காத்துல ஈரப்பதம் ரொம்ப இருந்தா வேர்வை காயாம சும்மா வழிஞ்சுட்டே இருக்கும், உள்சூடு ஏறும், தோலுக்கு ரத்தம் அனுப்பி அனுப்பியே இதயம் களைச்சுப் போகும், நீர்ச்சத்து குறைஞ்சு கிட்னி திணறும். உள்சூடு 40 டிகிரி செல்சியஸ தாண்டி பேச்சு குழறுதுன்னா ஹீட் ஸ்ட்ரோக், உடனே ஆம்புலன்ஸ கூப்பிட்டு, அது வர்றதுக்குள்ள உடம்புல தண்ணி ஊத்தி குளிர வைக்கணும். பாராசிட்டமால் கொடுக்காதீங்க, இது காய்ச்சல் இல்ல, அது கேக்காது.

எனக்கு பகல விட ராத்திரி தான் பயம். பகல்ல பட்ட பாட்டுக்கு உடம்பு ஆறுறது தூங்குறப்போ தான், அப்பவும் சூடு இறங்கலன்னா வயசானவங்க எப்படித் தாங்குவாங்க? 2003ல ஐரோப்பாவுல அடிச்ச வெப்ப அலையில சுமார் 70,000 பேர் போயிட்டாங்க, பெரும்பாலும் முதியவங்க.

கொசுவும் சும்மா இல்ல, முன்ன குளிருக்குப் பயந்து ஏறாத உயரத்துக்கெல்லாம் டெங்கு கொசு ஏறிட்டு இருக்கு, சூடு கூடினா அதுக்குள்ள வைரஸும் சீக்கிரம் பெருகுது.

ஏசி ரூம்ல இருக்கறவங்களுக்கு இது நியூஸ், வெளிய கல்லு மண்ணு சுமக்குறவங்களுக்கு உயிர். உச்சி வெயில்ல வேலைய நிறுத்துறது, நிழல், குடிதண்ணி, கூலி பிடிக்காத ஓய்வு, இதெல்லாம் முதலாளி மனசு வச்சா கிடைக்கிறதா இருக்கக் கூடாதுங்க, சட்டமாவே எல்லா நாட்டுலயும் வரணும்.