மதுரை வெயிலில் ஒரு வைரஸ் சோதனை

மேலூர் பக்கம் ஒரு தாவர நோய் ஆய்வகத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். அங்கே எனக்குப் பிடித்த சோதனை, பட்டுப்போன வைரஸை வெளிச்சம் காட்டி எழுப்புவது.

புகையிலைத் தேமல் வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் காட்டினால், அதன் எழுத்துகளில் ஒன்றான யுராசில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அது பெருகாது. ஆனால் இலையில் தேய்த்த கையோடு செடியை வெளிச்சத்தில் வைத்தால் கொஞ்சம் பிழைத்துவிடும். இருட்டில் வைத்தால் பிழைக்காது. பழுது பார்க்கும் நொதி செடியுடையது, வைரஸுக்கு அந்த வசதி இல்லை. பாம்புக்குப் பால் வார்த்த கதைதான்!

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பாடன், கிளெச்கோவ்ஸ்கி என்ற வைரஸ் ஆய்வாளர்கள் 1950களிலேயே இதையெல்லாம் பார்த்துவிட்டார்கள். புரத உறையோடு இருக்கும் முழு வைரஸைப் புற ஊதாவில் காட்டிக் கெடுத்தால் வெளிச்சத்தால் பலனில்லை, உறை நீக்கிய ஆர்.என்.ஏ. மட்டும் மீள்கிறது என்று அவர்கள் கண்டதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

எங்கள் செடி புகையிலையின் உறவான நிக்கோட்டியானா குளுட்டினோசா. நுண்கீறல் விழுவதற்காக இலையில் கார்போரண்டம் என்ற சொரசொரப்பான தூளைத் தூவி, நடுநரம்புக்கு இடப்பக்கம் கெடாத ஆர்.என்.ஏ., வலப்பக்கம் கெட்டது என்று விரலால் மெல்லத் தேய்ப்போம். அழுத்தினால் இலை கருகும், பட்டும் படாமலும் தேய்த்தால் தொற்றாது. பிறகு பாதிச் செடிகள் இருட்டறைக்கு, பாதி வெளிச்சத்துக்கு. சில நாளில் குண்டூசித் தலையளவு பழுப்புப் புள்ளிகள் வரும். தொற்றிய வைரஸைச் செடி பரவவிடாமல் அடைத்த இடங்கள் அவை; எவ்வளவு பிழைத்தது என்று அவற்றை எண்ணித்தான் பார்ப்போம். வெளிச்சத்தில் இருந்த செடிகளில் வலப்பக்கமும் நன்றாக நிறைந்திருக்கும்.

தோட்டம் பார்த்த அண்ணன் கேட்பார்: "வெளிச்சத்துல கெட்டது வெளிச்சத்துலயே சரியாயிருமா தம்பி?" "கெடுக்குறது புற ஊதாண்ணே, சரிபண்றது நீலம்" என்பேன். நம்பாமல் சிரிப்பார். பீடி குடிப்பவர் என்பதால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் செடியைத் தொட விடமாட்டோம். பீடிப் புகையிலையிலும் இந்த வைரஸ் இருக்கலாம்.

வெளிச்சத்துக்கு மதுரையில் என்ன பஞ்சம்? வெக்கைதான் தொல்லை. 28 டிகிரியைத் தாண்டினால் செடியின் எதிர்ப்பு மரபணு வேலை செய்யாது. புள்ளி விழாமல் வைரஸ் செடி முழுக்கப் பரவிவிடும். எண்ண எதுவும் இருக்காது. மூடிய இருட்டறை இன்னும் மோசம், கரண்ட் போய் ஏசி நின்றால் வெந்துவிடும். அதனால் சித்திரையில் விளக்கையே எடுக்கமாட்டோம். மார்கழி, தையில்தான் எங்களுக்கு அறுவடை.