காலண்டர் நேரமும் ஈர்க்குச்சிக் கட்டும்

அமெரிக்காவில் சின்ன வகுப்புகள் பலவற்றில் காலையில் முதல் வேலை காலண்டர்தான். பிள்ளைகள் பையை மாட்டிவிட்டு, பனிக்காலமாக இருந்தால் பூட்ஸையும் கையுறையையும் கழற்றி வைத்துவிட்டு, கம்பளத்தில் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்ததும் ஒரு கால் மணி நேரம் இது நடக்கும். நான் மினசோட்டாவில் ஒரு பள்ளியில் முதல் வகுப்பு உதவியாளராக இருக்கிறேன். அதற்கு முன்னால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காவேரிப்பட்டணம் பக்கம், அரசு உதவி பெறும் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். இங்கே வந்த புதிதில், வேலை விசாவில் வருகிறவரின் குடும்பத்துக்குத் தரும் ஹெச்4 விசாவில், வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தேன். கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டினால் மனைவிக்கு வேலை அனுமதி உண்டு என்று 2015-ல் விதி வந்திருந்தது, அந்த வழியில் அனுமதி கிடைத்ததும் நேராகப் பள்ளிக்கூடத்தைத் தேடித்தான் போனேன். புது நாட்டில் எனக்குக் கால் ஊன்றியது அந்தக் கம்பளத்தில்தான் என்று உறுதியாகச் சொல்வேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சுவரில் பைகள் வைத்துத் தைத்த ஒரு துணி அட்டவணை தொங்கும். வாரம் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கும். அன்றைய காலண்டர் உதவியாளர் ஒரு பிள்ளை, கையில் சுட்டிக்காட்டும் கோலோடு முன்னால் வந்து நின்று தேதிச் சீட்டைச் செருகுவான். சீட்டுகளில் ஒரு ஒழுங்கு இருக்கும்: ஆப்பிள், இலை, இலை, மறுபடி ஆப்பிள், இலை, இலை. நாளைக்கு என்ன படம் வரும் என்று ஊகிக்கச் சொல்வார்கள். அப்புறம் எல்லாரும் சேர்ந்து இன்று இன்ன கிழமை, நேற்று இன்ன கிழமை, நாளை இன்ன கிழமை என்று சொல்வார்கள். ஒரு பிள்ளை ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து வெயில், மேகம், மழை, பனி என்று ஏதாவது ஒன்றில் ஒரு கட்டத்துக்கு வண்ணம் தீட்டும்.

இது எனக்கு முழுக்கப் புதிதில்லை. நம்மூரில் செயல்வழிக் கற்றல் என்ற பாடமுறை நடந்த காலத்தில் வகுப்பில் காலநிலை அட்டவணை, ஆரோக்கியச் சக்கரம், பிள்ளைகள் தாங்களே குறிக்கும் வருகைப் பதிவு எல்லாம் இருந்தது. என்ன, கிருஷ்ணகிரியில் மார்ச்சிலிருந்து மே வரை அம்புக்குறி சூரியனை விட்டு நகராது. இங்கே ஒரே வாரத்தில் மூன்று படம் மாறும். குளிர்காற்றோடு சேர்த்துப் பூஜ்ஜியம் டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே போனால், அதாவது நம் கணக்கில் மைனஸ் 18 சொச்சம், பிள்ளைகளை எங்கள் பள்ளியில் வெளியே விளையாட விடுவதில்லை. அதனால் ஜன்னலுக்குப் போகும் பிள்ளையை மற்ற பிள்ளைகள் அத்தனை பேரும் ஆவலோடு பார்ப்பார்கள். 32 என்றால் தண்ணீர் உறையும், 50 என்றால் மெல்லிய ஜாக்கெட் போதும் என்று பாரன்ஹீட் எனக்குப் பழகியது இந்த அட்டவணையில்தான். மாதத்தை முதலில் எழுதி அப்புறம் தேதி எழுதுகிற பழக்கமும் இங்கேதான் கைக்கு வந்தது. புதிதாக வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், பிள்ளையின் தடுப்பூசிப் பதிவைப் பள்ளியில் கொடுக்கும்போது 5/4 என்பது இங்கே மே 4.

ஆனால் இந்தக் கால் மணி நேரத்தில் உயிர் எங்கே இருக்கிறது என்றால் குச்சிகளில். பள்ளி தொடங்கிய நாளிலிருந்து, பள்ளி நடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஸ்ட்ராவைக் குச்சியாகப் பையில் போடுவார்கள். ஒன்றுகள், பத்துகள், நூறுகள் என்று மூன்று பை. பத்தாம் நாள் ஒன்றுகள் பையில் இருப்பதை எல்லாம் வெளியே எடுத்து, எல்லாரும் சேர்ந்து எண்ணி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, பத்துகள் பைக்கு மாற்ற வேண்டும். அப்போது ஒன்றுகள் பை காலியாகிவிடும். அந்தக் காலிப் பைதான் பூஜ்ஜியம். இட மதிப்பைக் கரும்பலகையில் எத்தனை விதமாகப் போட்டுக் காட்டினாலும் புரியாத பிள்ளைக்கு, தன் கையால் கட்டிய கட்டு பக்கத்துப் பைக்குப் போவதைப் பார்க்கும்போது புரிகிறது. சிலர் இதையே காசாகவும் வைப்பார்கள். தினமும் ஒரு சென்ட், ஐந்து சேர்ந்தால் நிக்கல், பத்து சேர்ந்தால் டைம். டைம் காசு நிக்கலை விடச் சின்னது, மதிப்பு மட்டும் இரட்டிப்பு, அதனால் காசு விஷயத்தில் பிள்ளைகள் ரொம்ப நாள் தடுமாறுகிறார்கள். என்னைக் கேட்டால் குச்சி போதும்.

இன்னொன்று, காலண்டர் ஒரு எண்ணைக் காட்டும், குச்சி வேறொரு எண்ணைக் காட்டும். அக்டோபரில் ஒரு நாள் சுவரில் 10, பையில் 25. ஏன் இரண்டும் ஒன்றாக இல்லை என்று ஒரு பையன் கேட்டான். வகுப்பாசிரியை பதில் சொல்லாமல் பிள்ளைகளிடமே விட்டுவிட்டார். சனி ஞாயிறு நாம் வருவதில்லையே என்றாள் ஒருத்தி. மாதம் மாறினால் தேதி மறுபடி ஒன்றிலிருந்து வருகிறது, குச்சி அப்படி வருவதில்லை என்றான் இன்னொருவன். அந்த வாக்குவாதத்துக்காகவே இந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்ளலாம். பிப்ரவரி வாக்கில் நூறாம் நாள் வரும். பத்துக் கட்டுகளையும் சேர்த்து ஒரே பெரிய கட்டாகக் கட்டி நூறுகள் பையில் வைப்பார்கள். வீட்டிலிருந்து ஏதாவது நூறு பொருள் எண்ணிக் கொண்டுவரச் சொல்வார்கள், சில பிள்ளைகள் நரைமுடியும் கைத்தடியுமாக நூறு வயதுத் தாத்தா பாட்டி வேஷத்தில் வரும்.

எங்கள் வகுப்பில் சோமாலிப் பிள்ளைகள் உண்டு, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த மாங் (Hmong) இனப் பிள்ளைகள் உண்டு, வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிற பிள்ளைகள் உண்டு. ஆங்கிலமே தெரியாமல் வருஷ நடுவில் வந்து சேருகிற பிள்ளைக்கு இந்த நேரம் பெரிய துணை. நாள் முழுக்கக் காதில் விழுவது எதுவும் புரியாவிட்டாலும், காலையில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். எல்லாரும் சேர்ந்து சொல்வதால் குரல் தனியாகத் தெரியாது. அப்படி வந்த ஒரு சின்னப்பெண், வாயே திறக்காதவள், ஜன்னலுக்குப் போகும் முறை வந்த அன்று திரும்பி வந்து பனி பெய்கிறது என்று முழு வாக்கியமாகச் சொன்னாள். நான் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எனக்கும் இந்த ஊரில் தயங்காமல் வாய் வந்தது இதே வாக்கியங்களில்தான் என்பதால் தொண்டை அடைத்துவிட்டது.

அதற்காக எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. நேற்று, நாளை என்று ஒப்பிக்கும் பகுதியால் நான்கைந்து வயதுப் பிள்ளைக்குக் காலம் புரிந்துவிடாது. 2008-லேயே 'யங் சில்ட்ரன்' என்ற ஆசிரியர் இதழில் இதைப் பற்றிக் கட்டுரை வந்திருக்கிறது: அந்த வயதில் நாள், மாத இடைவெளி மனதில் நிற்பதில்லை, அந்த நேரத்தை வேறு நல்ல வேலைக்குச் செலவிடலாம் என்று. நான் பார்த்த வரையில் அது சரி. பன்னிரண்டு மாதத்தையும் வரிசையாகச் சொல்ல வைக்கும்போது பாதிப் பிள்ளைகள் ஷூ கயிற்றைப் பிரித்துக்கொண்டிருக்கும். பிள்ளைக்குக் காலம் நடந்த விஷயத்தோடு ஒட்டித்தான் வரும். "இன்னும் ரெண்டு பொழுது விடிஞ்சா பாட்டி ஊருக்குப் போலாம்" என்று நம் வீடுகளில் சொல்வது அந்த வயதுக்குப் பொருத்தமான கணக்கு. ஞாயிறு என்றால் போச்சம்பள்ளிச் சந்தை என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் ஒப்பிக்க வைத்ததில்லை.

ஊரில் என்னோடு வேலை பார்த்த டீச்சரிடம் இதை எல்லாம் போனில் சொல்வேன். அவருக்குக் காலை என்றால் எனக்கு முந்தின நாள் இரவு, நவம்பர் முதல் ஞாயிறு இங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் பத்தரை மணி வித்தியாசம் பதினொன்றரை ஆகிவிடும். அவருக்கு ஒன்று, இரண்டு, மூன்று வகுப்பும் ஒரே அறையில். அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்ததிலிருந்து, கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்த மூன்று குழுவையும் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டும். "கால் மணி நேரத்துக்கு எங்க போறது டீச்சர்? புதன்கிழமை எதுன்னு பசங்களுக்கு நல்லாத் தெரியும், காலை உணவுல பொங்கல் போட்டா புதன்" என்றார். நான் குச்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பாடத்தில்தான் பத்துக் கட்டு இருக்கிறதே, அதைப் பாடம் வரும் வாரத்தில் மட்டும் எடுக்காமல் ஜூனிலிருந்து தினமும் ஒரு ஈர்க்குச்சி போட்டால் இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

தண்ணீர் பாட்டில் மூன்றை வெட்டிக் கரும்பலகைக்குக் கீழே ஆணியில் மாட்டியிருக்கிறார். தேதி, பதிவு, வருகை எழுதும் மூலையில் குச்சிக் கணக்கும் ஒரு வரி. அரும்புப் பிள்ளை குச்சி போடும், மொட்டுப் பிள்ளை கட்டும், மலர்ப் பிள்ளை எண்ணாக எழுதும். தீபாவளி லீவு முடிந்து நூறாம் நாள் வரும்போது ஆளுக்கு நூறு புளியங்கொட்டை கொண்டுவரச் சொல்லியிருக்கிறாராம், எங்கள் பக்கம் அதற்கா பஞ்சம். ரப்பர் பேண்டு மட்டும் வெயிலில் இற்று அறுந்துபோகிறது என்றார், வாழைநாரில் கட்டச் சொல்லியிருக்கிறேன்.