மாடல் ரயில் கட்டடங்களுக்கு மரம் அறுக்க பேண்ட்சா தேடிய அனுபவம்

எச்ஓ அளவில், அதாவது 1:87 விகிதத்தில், பன்னிரண்டு அங்குலச் சதுரமான பாலத் தூண் 3.5 மில்லிமீட்டர் சட்டமாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டு அங்குலப் பலகையின் தடிமனோ 0.58 மில்லிமீட்டர்தான். சரக்குக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டியின் மேடை, மரப்பாலம் ஆகியவற்றை உண்மையான மரத்திலேயே கட்ட விரும்பிய நான், முதலில் கட்டாக விற்கப்படும் ஆயத்தச் சட்டங்களைத்தான் வாங்கினேன். ஒரே கட்டுக்குள் தடிமன் மாறியது, பாதிச் சட்டங்கள் முறுக்கிக்கொண்டிருந்தன, பாலத்திற்கு வேண்டிய அளவு எப்போது கேட்டாலும் இருப்பில் இல்லை. எனவே பாஸ்வுட் என்ற மென்மையான மரத்தின் கட்டைகளை வாங்கி நானே அறுத்துக்கொள்ளலாம் என்று பேண்ட்சா, அதாவது சக்கரங்கள்மேல் வளையமாக ஓடும் பட்டை பிளேடால் அறுக்கும் ரம்ப இயந்திரம், தேடப் புறப்பட்டேன். இயந்திரம் இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கும்வரை பட்ட அலைச்சலின் கசப்பு இன்னும் தீரவில்லை.

முதலில் போன கடையில் மோட்டாரின் குதிரைத்திறனையும், எவ்வளவு உயரமான கட்டையை அறுக்கலாம் என்பதையும் நெடுநேரம் விளக்கினார்கள். பிளேடின் தடிமன் என்ன என்று கேட்டேன், அகலத்தைச் சொன்னார்கள். அகலம் அல்ல, தடிமன் என்று மறுபடியும் கேட்டதற்கு, அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை என்று பதில் வந்தது. நம்மைப்போல் சிறு சட்டம் அறுப்பவர்களுக்கு முதற்கேள்வியே அதுதான். பிளேடின் தடிமனோடு, பற்கள் இருபுறமும் விரித்துவிடப்பட்டிருக்கும் அளவும் சேர்ந்துதான் வெட்டுத்தடத்தின் அகலமாகிறது. பதினான்கு அங்குலச் சக்கரம் கொண்ட இயந்திரங்களில் பரவலாகப் பயன்படும் 0.64 மில்லிமீட்டர் பிளேடு, பல் விரிப்பையும் சேர்த்தால், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கிவிடும். 50 மில்லிமீட்டர் தடிமனுள்ள கட்டையிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் தகடுகளை எடுப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டர் வெட்டுத்தடத்தில் 20 தகடுகள் கிடைக்கும், 0.6 மில்லிமீட்டர் தடத்தில் 24 கிடைக்கும். தேடித் தேடி வாங்கிய, கணுவில்லாத, நேரான ரேகையோடிய கட்டையில் நான்கு தகடுகள் கூடுதலாகக் கிடைப்பதை நான் சிறிய ஆதாயமாக நினைக்கவில்லை.

அப்படியென்றால் மெல்லிய பிளேடைப் பெரிய இயந்திரத்தில் மாட்டிக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். மாட்டலாம், அதற்கு இடமும் மேசையும் இருந்தால் அது நல்ல வழியும்கூட. எனக்கிருந்த இடத்தில் மேசைமேல் வைக்கும் சிறிய இயந்திரம்தான் பொருந்தும். அதற்கென்று சில நிபந்தனைகள் உண்டு. சிறிய சக்கரத்தில் தடித்த பிளேடு ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளைந்து நிமிர்வதால் பல்லடியில் விரிசல் கண்டு அறுந்துபோகிறது, ஆகவே 0.35 முதல் 0.5 மில்லிமீட்டர் வரையுள்ள பிளேடுதான் அதற்கு ஏற்றது, நமக்கு வேண்டியதும் அதுவே. இதே காரணத்தினால்தான், அடக்கமான உருவத்தில் பிளேடுக்கும் இயந்திரத்தின் உடலுக்கும் நடுவே அதிக இடைவெளி தருவதாகக் காட்டப்படும் மூன்று சக்கர இயந்திரங்களை நான் ஒதுக்கினேன். அவற்றின் சக்கரங்கள் இன்னும் சிறியவை; பிளேடு ஒரு சுற்றில் மூன்று இடங்களில் வளைய வேண்டியிருக்கிறது.

என் பொறுமையை உண்மையில் சோதித்தது பிளேடின் நீளம். எனக்குப் பிடித்திருந்த ஓர் இயந்திரத்தின் விவரத்தாளில் ஒரு நீளம் அச்சிடப்பட்டிருந்தது. அதை நம்பி, நுண்பல் பிளேடுகளைத் தனியாக வாங்கிக்கொண்டு, பொருந்துகிறதா என்று பார்ப்பதற்காகவே கடைக்குப் போனேன். மேற்சக்கரத்தை முழுவதும் இறக்கியும் பிளேடு ஏறவில்லை. இயந்திரத்தின் முதுகில் ஒட்டியிருந்த உலோகத் தகட்டில் வேறொரு நீளம் பொறிக்கப்பட்டிருந்தது; எது சரி என்று பார்க்கக் கையேட்டைக் கேட்டால், காட்சிக்கு வைத்த இயந்திரத்திற்குக் கையேடு வரவில்லை என்றார்கள். அந்தத் தகட்டில் இருந்த நீளமோ பிளேடு விற்கும் இடங்கள் எதிலும் ஆயத்தமாகக் கிடைக்காதது. சொல்லிவைத்துப் பற்றவைத்துத்தான் வாங்க வேண்டும். அப்படிப் பற்றவைத்துத் தந்த மாதிரி ஒன்றை விரலால் தடவிப் பார்த்தபோது மூட்டில் மேடு தட்டியது. அந்த மேடு ஒவ்வொரு சுற்றிலும், பிளேடை விலகாமல் பிடித்து நிறுத்தும் வழிகாட்டியில் இடித்து, அறுத்த முகத்தில் வரிசையாகத் தழும்பு விடும். பெரிய கட்டடத்திற்கான பலகையில் அதை இழைத்துத் தள்ளிவிடலாம். அரை மில்லிமீட்டர் பலகையில் இழைப்பதற்கு என்ன மிஞ்சும்? பதினான்கு அங்குல இயந்திரங்களுக்கு 93½ அங்குலம் என்ற நீளம் ஏறத்தாழப் பொது வழக்கமாக இருப்பதால் அவற்றை வாங்குவோருக்கு இந்தத் தொல்லை குறைவு. சிறிய இயந்திரங்களில் ஒவ்வொன்றும் ஒரு நீளம். எனவே, முதலில் பிளேடு விற்பவரிடம் எந்தெந்த நீளங்களில் மெல்லிய பிளேடு எப்போதும் இருப்பில் இருக்கும் என்று கேளுங்கள். அதன் பிறகு, அந்த நீளத்தை ஏற்கும் இயந்திரத்தைத் தேடுங்கள். நீளத்தையும் விவரத்தாளில் பார்க்காமல், மாட்டியிருக்கும் பிளேடைக் கழற்றி அளந்து பாருங்கள்.

அடுத்த இடையூறு, சோதனைக்காக ஒரு வெட்டுக்கூட அனுமதிக்காத கடைகள். ஓடாத பேண்ட்சாவைப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது. ஒரே ஒரு கடையில் என் கையிலிருந்த கட்டையை அறுத்துப் பார்க்க விட்டார்கள். முடிவும் அங்கேயே ஆயிற்று. விளிம்புக்கு இணையாகக் கோடு போட்டு, கட்டையை ஒட்டித் தள்ளுவதற்காக மேசையில் பொருத்தும் தடுப்புச் சட்டம் இல்லாமல் கையால் அந்தக் கோட்டின்மேல் பாதித் தொலைவு அறுத்து நிறுத்தினால், கட்டை எந்தக் கோணத்தில் திரும்பி நிற்கிறதோ அதுதான் பிளேடு இழுத்துச்செல்லும் திசை. அந்தச் சாய்வுக்கு ஏற்பத் தடுப்புச் சட்டத்தைத் திருப்பி இறுக்க வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்த சிறிய இயந்திரங்கள் பலவற்றில் அந்த வசதியே இல்லை. சிலவற்றில் தடுப்புச் சட்டத்தின் பின்முனையை ஒரு விரலால் தள்ளினாலே நகர்ந்தது. ஒரு மில்லிமீட்டர் தகட்டுக்கு அரை மில்லிமீட்டர் ஆட்டம் என்றால் அது தகடாக வராது, ஆப்பாகத்தான் வரும்.

வழிகாட்டிகளையும் அதே கவனத்தோடு பாருங்கள். பக்கவாட்டு வழிகாட்டிகள் பிளேடைத் தொடாமல், ஒரு தாளின் தடிமன் அளவே விலகி நிற்கும்படி நெருக்க முடிய வேண்டும். பற்களின் பள்ளத்திற்குச் சற்றே பின்னால் நிறுத்த முடிய வேண்டும். மேசைக்கு மேலும் கீழும் இரண்டு இடங்களிலும் அவை இருக்கின்றனவா என்று குனிந்து பார்ப்பது அவசியம். நான் பார்த்த ஓர் இயந்திரத்தில் கீழே பிளேடைப் பின்னாலிருந்து தாங்கும் பேரிங் மட்டும்தான் இருந்தது. பக்கத்தில் பிளேடைப் பிடித்து நிறுத்த எதுவுமே இல்லை. விற்பவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

இறுதியில் நான் எடுத்தது 250 மில்லிமீட்டர் சக்கரங்கள் இரண்டும், வார்ப்பிரும்பு மேசையும் கொண்ட இயந்திரம். பெட்டியைப் பிரித்ததும், பொருத்தியதும், சக்கரங்களை ஒரே தளத்தில் நிறுத்தியதும் சிக்கலின்றி முடிந்தன. மேசையின் நடுவில் பிளேடைச் சுற்றி வரும் தட்டின் துளை மட்டும் மிக அகலமாக இருந்ததால், அறுந்த மெல்லிய சட்டங்கள் கீழே விழுந்து சக்கரத்தின் ரப்பர் டயரில் சிக்கின. மேசைமேல் மெல்லிய ஒட்டுப்பலகை ஒன்றை ஒட்டி, பிளேடாலேயே அதில் பாதை அறுத்துக்கொண்டதும் அந்தத் தொல்லை நின்றது; சட்டத்தின் அடிவிளிம்பு பிய்வதும் குறைந்தது.

பல் எண்ணிக்கையைப் பற்றி யாரும் தெளிவாகச் சொல்லாததால் எழுதுகிறேன். எப்போதும் குறைந்தது மூன்று பற்களாவது மரத்துக்குள் இருக்க வேண்டும். 60 மில்லிமீட்டர் உயரக் கட்டையைத் தகடாக ஈர, அங்குலத்திற்கு 6 பற்கள் உள்ள பிளேடு தூளை நன்றாக வெளியேற்றுகிறது. பதினான்கு பல் பிளேடு அங்கே தூள் அடைத்துச் சூடேறி வளைகிறது. மாறாக, 3.5 மில்லிமீட்டர் தகட்டைக் குறுக்கே அறுக்கும்போது பதினான்கு பல் பிளேடிலும் இரண்டு பற்கள்கூட மரத்துக்குள் முழுதாக நிற்காது. நான்கு தகடுகளை ஒட்டுநாடாவால் சேர்த்து ஒரே கட்டாக அறுத்தால் அந்தக் குறை தீர்ந்து, நான்கும் ஒரே நீளத்தில் வருகின்றன.

இன்னொன்றையும் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. பேண்ட்சா கடைசி அளவைத் தராது. அறுத்த முகத்தில் பிளேடின் கோடுகள் இருந்தே தீரும். வேண்டிய தடிமனைவிட அரை மில்லிமீட்டர் கூடுதலாக ஈர்ந்து, உப்புத்தாள் உருளையில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு மெல்லிய வட்ட பிளேடு பூட்டிய சிறு மேசை ரம்பத்தில் சட்டங்களாகக் கீற வேண்டும். இதைச் சொல்லாமல், பேண்ட்சா ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்று விற்கிறார்கள். 0.58 மில்லிமீட்டர் பலகையை நேராகப் பேண்ட்சாவிலேயே எடுக்க முயல்வது மரத்தையும் விரலையும் ஒருசேர ஆபத்தில் வைப்பதாகும். தள்ளுகோல் இல்லாமல் சிறு துண்டுகளைப் பிளேடருகே கொண்டுபோகாதீர்கள். மேல் வழிகாட்டியை மரத்துக்கு மேலே சில மில்லிமீட்டர் இடைவெளி வரை இறக்கிவிட்டே அறுங்கள். முகமூடி இல்லாமல் மெல்லிய தூளில் நிற்காதீர்கள்.

இப்போது 300 மில்லிமீட்டர் நீளத் தகட்டை முனைக்கு முனை காலிப்பரால் அளந்தால் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்குள் நிற்கிறது. பாலத்தின் தூண்களை எல்லாம் ஒரே கட்டையிலிருந்து, ஒரே ரேகையோட்டத்தில் எடுத்துவிட்டேன். வேலை முடிந்ததும் பிளேடின் இழுவிசையைத் தளர்த்திவிடுகிறேன், டயரில் பள்ளம் விழாமலிருக்க. இயந்திரத்தோடு வந்த பிளேடைச் சாதாரணத் துண்டுகளுக்கு ஒதுக்கிவிட்டு, நல்ல மரத்துக்கென்று மெல்லிய பிளேடு ஒன்றைத் தனியே வைத்திருக்கிறேன். அது மழுங்கத் தொடங்கியதும், வெட்டு கோட்டைவிட்டு விலகுவதற்கு முன்பே மாற்றிவிடுவேன்.