சென்னைப் பிள்ளைகளா, கோலாலம்பூர்ப் பிள்ளைகளா?

மனவெழுச்சி நுண்ணறிவில், அதாவது தன் உணர்ச்சிகளையும் பிறர் உணர்ச்சிகளையும் புரிந்து கையாளும் திறனில், யார் மேல், சென்னைக் கல்லூரி மாணவர்களா, கோலாலம்பூர் மாணவர்களா? என் பிஎச்.டி. பற்றிக் கேட்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள். இதே ஆய்வில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் எந்த அளவுகோல் என்று முடிவு செய்ய வேண்டும். உளவியலாளர்கள் சலோவேயும் மேயரும் கருசோவுடன் சேர்ந்து இதை அளக்க உருவாக்கிய எம்.எஸ்.சி.இ.ஐ.டி. தேர்வின் 2002 பதிப்பில் 141 கேள்விகள். முகப் படத்தைக் காட்டி, இதில் எவ்வளவு கோபம் தெரிகிறது என்றெல்லாம் கேட்கும். காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பது ஒருபுறம். எது சரியான விடை என்பதையே பெரும்பான்மையினரின் பதிலையோ நிபுணர்களின் பதிலையோ வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். எந்த ஊர்ப் பெரும்பான்மை? அங்கேதான் எனக்கு இடித்தது. அதனால் வோங், லா இருவரும் ஹாங்காங்கில் உருவாக்கி 2002-இல் வெளியிட்ட 16 வரி அளவுகோலுக்கு வந்தேன். ஒவ்வொரு வரிக்கும் 1 முதல் 7 வரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். இரண்டு ஊரிலும் ஆங்கில வழி மாணவர்கள்தான், மூல வடிவத்தையே கொடுத்தேன்.

எத்திக்ஸ் கமிட்டி வழக்கம்போல் இழுத்தது, அதை விடுங்கள். சென்னையில் மதியச் சாப்பாடு முடிந்து வந்த வகுப்பில் தாளைக் கொடுத்தேன். "மேடம், இதுக்கு இன்டர்னல் மார்க் உண்டா?" என்றது ஒரு குரல். பின் பெஞ்சில் ஒருவன் பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்து அதே எண்களைப் போட்டுக்கொண்டிருந்தான், தன் மனதைப் பற்றிய கேள்விகளுக்கு! மேலிருந்து கீழ்வரை ஆறு ஆறாகவே வட்டமிட்டவற்றைத் தனிக் கட்டாக ஒதுக்கினேன். கோலாலம்பூரில் வேறு தலைவலி. மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் ஒரே வகுப்பில். மூவரையும் 'மலேசியப் பண்பாடு' என்று ஒன்றாக எண்ண மனம் ஒப்பவில்லை. பிரித்தால் தமிழ்ப் பிள்ளைகள் கணக்குக்குப் போதவில்லை.

அப்புறம்தான் நிஜமான வேலை. சராசரிகளை எடுத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தற்செயலா என்று பார்க்கும் டி-டெஸ்ட் போடுமுன், அளவுகோல் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருளில் லவான் தொகுப்பு இலவசம். வரிகள், அளவுகோலை உருவாக்கியவர்கள் சொன்ன நான்கு பிரிவாகத்தான் சேர்கின்றனவா, ஒவ்வொன்றும் தன் பிரிவோடு இரண்டு ஊரிலும் ஒரே பலத்தில் ஒட்டுகிறதா என்ற இரண்டு படிகளும் தேறின. மூன்றாவதுதான் வம்பு. ஒரே அளவு நுண்ணறிவு உள்ள இருவர், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், ஒரே எண்ணைப் போடுவார்களா? சி.எஃப்.ஐ. என்ற பொருத்த அளவு முந்தைய படியில் இருந்ததைவிட 0.01-க்கு மேல் இறங்கினால் தேறவில்லை என்பது பொதுவான கணக்கு. இறங்கிவிட்டது.

எந்த வரியால் என்று தேடினால், 'நான் திறமைசாலி என்று எப்போதும் எனக்கே சொல்லிக்கொள்வேன்' என்பது முன்னால் வந்து நின்றது. இதில் குறைந்த எண் போடும் பிள்ளை நுண்ணறிவில் குறைந்ததா, தன்னைத் தானே மெச்சக் கூடாது என்று வளர்ந்ததா என்பதைத் தாள் சொல்லாது.

"யாருக்கு அதிகம்னு ஒரு டேபிள் போட்டுடும்மா" என்றார் டாக்டரல் கமிட்டியில் ஒரு பேராசிரியர். போடவில்லை. மனவெழுச்சி நுண்ணறிவுக்கும் தேர்வுப் பதற்றத்துக்கும் உள்ள தொடர்பு இரண்டு ஊரிலும் எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். அதற்கு இரண்டாம் படி தேறினால் போதும். பதற்ற அளவுகோலையும் அதே சோதனைக்கு உட்படுத்த வேண்டும், அவ்வளவுதான். ஒப்பீட்டை விட்டு இப்படி மாறினால் ஆய்வுத் தலைப்பையும் மாற்ற வேண்டும்; அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். சினாப்சிஸ் என்ற ஆய்வுச் சுருக்கத்தைக் கொடுக்கும் முன்பே அதை முடித்துவிடுங்கள்.